பஃபலோ பில்ஸ் ஏன் ஜனவரியோடு நின்றுவிடுகிறது? ஆலனா, கோச்சா, அதிர்ஷ்டமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பஃபலோவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இந்த ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான பில்ஸின் பேச்சுதான் என்கிறீர்கள். ஒருவர் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜாஷ் ஆலனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். இன்னொருவர் பெரிய ஆட்டம் என்றால் ஆலன் கோட்டை விடுவார் என்கிறார். மூன்றாமவர் கோச்சை மாற்றினால்தான் விடிவு என்கிறார். வயதான ஒருவர், இந்த ஊருக்கே சாபம் என்று பேச்சை முடித்துவிடுகிறார். யார் சொல்வது சரி, வரும் சீசனில் வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு நல்ல அணி ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், அங்கே சரிசெய்யக்கூடிய ஓட்டை ஒன்று இருக்கிறதா, இல்லை வெறும் நேரக்கோளாறா?

நான் புள்ளியியல் படித்தவன், அதையே தொழிலாகச் செய்கிறேன். ராச்செஸ்டரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். பில்ஸ் அணி கோடைப் பயிற்சி எடுக்கும் செயின்ட் ஜான் ஃபிஷர் பல்கலைக்கழகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஆனால் நான் ஒருநாளும் இந்த ஆட்டத்தை ஆடியவன் இல்லை. முன்வரிசையில் மோதும் லைன்மேன்கள் காலை எப்படி ஊன்றுகிறார்கள், தோளை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தே தவறு கண்டுபிடிக்கும் கண் ஆடியவர்களுக்குத்தான் உண்டு. அதனால் எண்களும் கண்ணால் பார்த்த ஆட்டங்களும் சேர்ந்து சொல்வதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மற்றவற்றை என் கருத்து என்று தனியாகக் குறிப்பிடுகிறேன். இதை எழுதுவது 2025 ஜூலையில், அடுத்த சீசன் தொடங்கும் முன்பு.

முதலில் உறுதியானவை. 2020 முதல் 2024 வரை ஐந்து சீசன்களில் பில்ஸ் லீக் சுற்றில் 61 வெற்றி, 22 தோல்வி. ஐந்து வருடமும் தங்கள் பிரிவில் முதலிடம். இதற்கு முன் 2000 முதல் 2016 வரை பதினேழு சீசன் ஒரு முறைகூட பிளேஆஃப் (லீக் சுற்றுக்குப் பிறகு ஜனவரியில் நடக்கும், தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று) பக்கம் போகாத அணி இது. 2017 டிசம்பர் 31 அன்று, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டத்தில் சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் கடைசி நிமிடத்தில் ஒரு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்து பால்டிமோரைத் தோற்கடித்ததால்தான் அந்தப் பஞ்சம் தீர்ந்தது. அதற்கு நன்றியாக இந்த ஊர் மக்கள் டால்டனின் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பினார்கள். ஆபீஸில் உங்களோடு சாப்பிடுகிறவர்களில் முப்பது வயதுக்காரர்கள் பிளேஆஃப் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவர்கள். அவர்கள் குரலில் இருக்கும் பதற்றத்துக்கு அதுதான் காரணம்.

அந்த ஐந்து வருடத்தில் பிளேஆஃபில் மட்டும் 12 ஆட்டங்கள், 7 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்து தோல்வியில் நான்கு கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியிடம். 2021 ஜனவரியில் 38-24, 2022-ல் 42-36, 2024-ல் 27-24, 2025-ல் 32-29. இதே ஐந்து சீசனில் லீக் சுற்றில் அதே சீஃப்ஸுடன் ஐந்து முறை மோதி நான்கு முறை ஜெயித்திருக்கிறார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் டிசம்பரிலும் ஜெயிக்கிற அணி ஜனவரியில் தோற்கிறது. இந்த முரண்தான் எல்லா வாக்குவாதத்துக்கும் வேர். ஆனால் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது ஆட்டம்தான். ஒன்பது ஆட்டத்தை வைத்து ஒரு மனிதனின் மனஉறுதியை அளக்க முடியாது. இதை என் தொழில் எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆலன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் சந்தேகம் குறைவு. 2024 சீசன் வரை அவர் ஆடிய 13 பிளேஆஃப் ஆட்டங்களில் 25 டச்டவுன் எறிந்திருக்கிறார், எதிரணி பிடித்துக்கொண்டது (இன்டர்செப்ஷன்) நான்கே நான்கு. சீஃப்ஸிடம் தோற்ற அந்த நான்கு ஆட்டங்களை மட்டும் எடுத்தால் ஒன்பது டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். அதில் அவர் அணி அடித்த புள்ளிகள் 24, 36, 24, 29. சராசரி 28-க்கு மேல். குவார்ட்டர்பேக்கிடமிருந்து இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2024 சீசனில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான், பால்டிமோரின் லமார் ஜாக்சனைச் சிறு வித்தியாசத்தில் முந்தி. அதற்காக அவர் சொதப்பியதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2020 ஜனவரியில் ஹூஸ்டனில் எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்துவிடத் துடித்து 16 புள்ளி முன்னிலையைப் பறிகொடுத்த ஆட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டு. 2023 ஜனவரியில் சின்சினாட்டியிடம் 27-10 தோற்றபோதும் அவர் சரியாக ஆடவில்லை. ஆனால் ‘பெரிய ஆட்டத்தில் கோட்டை விடுவார்’ என்பது எண்களோடு ஒத்துப்போகவில்லை. உங்கள் சக ஊழியரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஓட்டை எங்கே? அதே நான்கு தோல்விகளில் எதிரணி அடித்ததைக் கூட்டுங்கள். 38, 42, 27, 32. மொத்தம் 139, சராசரி 35-ஐத் தொடுகிறது. அதில் 42 விழுந்த 2021 சீசனில் பில்ஸ் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) லீக் சுற்றில் மிகக் குறைந்த புள்ளிகளும் யார்டுகளும் விட்டுக்கொடுத்து நாட்டிலேயே முதலிடம். முதலிடத்தில் இருந்த அந்த டிஃபென்ஸ்தான் பதிமூன்று நொடியைத் தாக்குப்பிடிக்க முடியாமல் போனது.

அந்தப் பதிமூன்று நொடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அது ஒரு தேதி மாதிரி, யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 2022 ஜனவரி 23, சீஃப்ஸின் ஏரோஹெட் மைதானம். ஆலன், கேப்ரியல் டேவிஸுக்கு அந்த ஆட்டத்தின் நான்காவது டச்டவுனை எறிகிறார். பில்ஸ் 36, சீஃப்ஸ் 33. கடிகாரத்தில் மிச்சம் 13 நொடி. அடுத்து பில்ஸ் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். அப்போது பந்தைத் தரையோடு உருட்டி விட்டால் எதிரணிக்காரர் அதை எடுத்து ஓடித்தான் ஆக வேண்டும், அதிலேயே நாலைந்து நொடி போய்விடும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கோல் எல்லையைத் தாண்டி உதைத்தார்கள். பந்து வெளியே போனால் கடிகாரம் நகராது. ஆக சீஃப்ஸுக்குத் தங்கள் 25-வது யார்டில் பந்தும் கிடைத்தது, முழு 13 நொடியும் கிடைத்தது, கையில் மூன்று டைம்அவுட்டும் (கடிகாரத்தை நிறுத்தும் உரிமை) இருந்தது. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் முதலில் டைரீக் ஹில்லுக்கு எறிந்து 19 யார்டு, டைம்அவுட். அப்புறம் டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு, டைம்அவுட். மிச்சம் 3 நொடி. ஹாரிசன் பட்கர் 49 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து, மூன்று புள்ளி எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்தார்.

டைம்அவுட் இருக்கும் அணிக்கு எல்லைக்கோட்டை நோக்கி ஓட வேண்டிய அவசியமே இல்லை, மைதானத்தின் நடுவிலேயே பிடித்துவிட்டு நேரத்தை நிறுத்தலாம். ஆனால் பில்ஸ் டிஃபென்ஸ் ஓரங்களையும் ஆழத்தையும் காத்து நின்று நடுவைத் திறந்து விட்டிருந்தது. அந்த இரண்டு ஆட்டத்தையும் நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கெல்சி நடுவில் ஓடும்போது அவரைச் சுற்றி இருக்கும் காலி இடம்தான் கண்ணில் படும். ஓவர்டைமில் நாணயம் சுண்டியதில் சீஃப்ஸ் ஜெயித்து, முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் அடித்தார்கள். அன்றைய விதிப்படி அத்தோடு ஆட்டம் முடிந்தது, ஆலன் பந்தைத் தொடவே இல்லை. அந்த மார்ச்சிலேயே, பிளேஆஃப் ஓவர்டைமில் இரு அணிக்கும் ஒரு வாய்ப்பாவது கிடைக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். நாணயத்தை அதிர்ஷ்டம் என்று விடலாம். அதற்கு முந்தைய 13 நொடி அதிர்ஷ்டமில்லை, பில்ஸ் தரப்பு எடுத்த முடிவுகளின் விளைவு. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மற்ற ஆட்டங்களில் காயங்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அந்த 2022 ஆட்டத்திலேயே பில்ஸின் முதன்மைக் கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்) டிரேடேவியஸ் வைட் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. 2024 ஜனவரியில் வைட் குதிகால் தசைநார் அறுந்து வெளியே, லைன்பேக்கர் (டிஃபென்ஸின் நடு வரிசை ஆட்டக்காரர்) மேட் மிலானோ கால் உடைந்து வெளியே, டெரல் பெர்னார்டும் காயம். வீட்டில் இருந்த ஏ.ஜே. கிளைனைக் கூப்பிட்டு வந்து முதல் பதினொருவரில் இறக்கினார்கள். அன்றைக்கு பில்ஸ் 78 முறை பந்தை ஆடினார்கள், சீஃப்ஸ் வெறும் 47. பந்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தும் தோற்றார்கள் என்றால், எதிரணி பந்தைத் தொட்டபோதெல்லாம் எவ்வளவு சுலபமாக முன்னேறியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் கிறிஸ்டியன் பென்ஃபோர்ட் முதல் கால்பகுதியிலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதில் வந்த இளைஞரைக் குறிவைத்தே மஹோம்ஸ் எறிந்தார். மாற்று ஆட்டக்காரர்களோடு மஹோம்ஸைச் சந்திப்பது அணியின் விதி ஆகிவிட்டதா, இல்லை, காயத்தைத் தாங்கும் அளவுக்கு ஆள் சேர்க்காதது நிர்வாகத்தின் தவறா? இரண்டும் கலந்தது என்பது என் கருத்து. ஆனால் கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த எண்ணும் உதவாது.

2025 ஜனவரி 26 ஆட்டத்தைப் பற்றி நிச்சயம் உங்கள் ஆபீஸில் இன்னும் சண்டை நடக்கும். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில் பில்ஸ் 22-21 என்று முன்னிலை. நான்காவது வாய்ப்பு, தேவை ஒரு யார்டு. ஆலன் பந்தோடு கூட்டத்துக்குள் பாய்ந்தார். ஒரு பக்கத்து நடுவர் எட்டிவிட்டார் என்பது போல ஓடி வந்தார், மறுபக்கத்து நடுவர் எட்டவில்லை என்று நின்றார். எட்டவில்லை என்றே முடிவானது, வீடியோவில் பார்த்தும் மாற்றவில்லை. அடுத்து சீஃப்ஸ் டச்டவுன் அடித்து 29-22 ஆக்கினார்கள்.

எட்டினாரா இல்லையா? பல பேருடைய உடல்களுக்கு அடியில் கிடந்த பந்தை எந்தக் கேமராவும் முழுதாகக் காட்டவில்லை. எட்டிவிட்டார் என்பதுதான் என் எண்ணம், ஆனால் பில்ஸ் பனியனோடு உட்கார்ந்து பார்த்தவன் என்ற வகையில் என் எண்ணத்துக்கு மதிப்பு குறைவு. இனிமேல் கேமரா வைத்து அளக்கப் போகிறார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் அது தவறு. 2025-ல் வருகிற கேமரா முறை, பழைய சங்கிலிக்குப் பதிலாக தூரத்தை அளக்கும், அவ்வளவுதான். பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை இப்போதும் மனிதர்தான் தீர்மானிப்பார். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அன்றைக்கு ஆலன் இப்படிப் பாய்ந்தபோதெல்லாம் திரும்பத் திரும்ப இடது பக்கமே பாய்ந்தார். சீஃப்ஸ் அதைக் கவனித்து அந்தப் பக்கமே ஆளைக் குவித்தார்கள். நடுவரை மாற்ற முடியாது, பாயும் பக்கத்தை மாற்றியிருக்கலாம். கடைசியில் 32-29 என்று பின்தங்கி, நான்காவது வாய்ப்பில் 5 யார்டு தேவைப்பட்டபோது, ஓரத்திலிருந்து டிரென்ட் மெக்டஃபி தடுப்பாரின்றிப் பாய்ந்து வந்தார். ஆலன் பின்வாங்கிக்கொண்டே எறிந்த பந்து டால்டன் கின்கேட் கைக்கு வந்தும் நிற்கவில்லை.

சாபம் என்று சொன்ன பெரியவரை அலட்சியம் செய்ய வேண்டாம். அவர் பார்த்தவை அப்படி. 1991 ஜனவரி 27, டாம்பாவில் சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ 19, எட்டு நொடி மிச்சம். ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்த பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. அதற்குப் பிறகு மூன்று வருடம் தொடர்ந்து சூப்பர் பவுலுக்குப் போய் மூன்றிலும் தோல்வி. தொடர்ந்து நான்கு முறை அங்கே போன ஒரே அணியும் இதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நார்வுட் தவறவிட்டதற்கு அடுத்த நாள் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில் கூடிய ஆயிரக்கணக்கான மக்கள், அவரைத் திட்டவில்லை. ‘ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்’ என்று கோஷம் போட்டு மேடையில் முன்னே வரவைத்தார்கள். இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 ஜனவரியில் அதே மாதிரி மறுபடி நடந்தது, அதை நான் நேரில் பார்த்தேன். அதற்கு முந்தைய வாரம் ஈரி ஏரியிலிருந்து வந்த பனிப்புயலில் பிட்ஸ்பர்க் ஆட்டத்தையே ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார்கள். மணிக்கு 20 டாலர் தருகிறோம், மண்வெட்டியோடு வந்து பனி அள்ளுங்கள் என்று அணி அறிவித்தது. நானும் என் மகனும் போனோம். இருக்கை வரிசைகள் எல்லாம் பனிக்கு அடியில், எது படி, எது இருக்கை என்றே தெரியாது. காலால் துழாவித் துழாவி, அள்ளி, சரிவில் தள்ளிவிட வேண்டும். பக்கத்து வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், குனிந்து ஒரே ஒரு இருக்கையை மட்டும் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இருக்கையா என்று கேட்டேன். இல்லை, என் அப்பா உட்கார்ந்த இடம் என்றார். அடுத்த ஞாயிறு சீஃப்ஸுடன் ஆட்டம். 27-24 என்று பில்ஸ் பின்தங்கி, ஒரு நிமிடம் 43 நொடி மிச்சம், பில்ஸின் டைலர் பாஸ் 44 யார்டிலிருந்து உதைத்தார். பந்து வலது பக்கம் போனது. எழுபதாயிரம் பேர் இருந்த இடத்தில் சீஃப்ஸ் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம் மேல் வரிசையில் எனக்குக் கேட்டது. பாஸுக்கு இணையத்தில் வசவு விழுந்தது உண்மை. அதே வாரத்தில் அவர் ஆதரிக்கும் பூனைக் காப்பகம் ஒன்றுக்கு ரசிகர்கள் லட்சத்துக்கும் மேல் டாலர் திரட்டிக் கொடுத்ததும் உண்மை.

இது சாபமா? முப்பத்து மூன்று வருட இடைவெளியில் இரண்டு பந்துகள் வலது பக்கம் விலகின. பஃபலோ மைதானத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாஸ் உதைத்தது உள்ளே போயிருந்தாலும் ஆட்டம் சமன்தான், மஹோம்ஸுக்கு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்தப் பெரியவர் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, அதில் ஆச்சரியமில்லை. காரணம் என்று வரும்போது அது எடுபடாது.

2022 சீசனின் தோல்வியை மட்டும், யாரையும் எடை போடும் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அந்த மே மாதம் ஜெஃபர்சன் அவென்யூ டாப்ஸ் கடையில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் பனிப்புயலில் இந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரி 2 அன்று சின்சினாட்டி மைதானத்தில் பில்ஸின் டமார் ஹாம்லின் இதயம் நின்று விழுந்தார், மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். சக ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டு அழுததை நாடே பார்த்தது. மூன்று வாரம் கழித்து, அதே சின்சினாட்டியிடம் பனியில் ஒரு சக்தியும் இல்லாமல் தோற்றார்கள். அந்தத் தோல்வியை வைத்துக் கோச்சையோ குவார்ட்டர்பேக்கையோ எடை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது என் தொழில் சார்ந்த ஒரு கணக்கு. பிளேஆஃபில் லீக்கின் இரண்டு பாதியிலிருந்தும் ஏழு ஏழு அணிகள், தன் பாதியில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும் முதல் சுற்று ஓய்வு. இந்த ஐந்து வருடத்தில் பில்ஸுக்கு அந்த ஓய்வு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. ஆக சூப்பர் பவுலுக்குப் போக மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். முதல் இரண்டில் ஜெயிக்க நூற்றுக்கு 65 வாய்ப்பு, மஹோம்ஸுடன் மூன்றாவதில் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஒரு வருடத்துக்கு நூற்றுக்கு 21. ஐந்து வருடமும் தவறிப்போக எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 30-க்கும் கொஞ்சம் மேல். அதாவது குறையே இல்லாத, இதே அளவு நல்ல மூன்று அணிகளை எடுத்தால் அதில் ஒன்று ஐந்து வருடமும் வெறுங்கையோடு திரும்பும். 65-ம் 50-ம் நான் வைத்த ஊகங்கள், நீங்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் விஷயம் பெரிதாக மாறாது. ஓய்வு கிடைத்திருந்தால் 21 என்பது 32-க்கும் மேலே ஏறியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். 2024 நவம்பரில் சீஃப்ஸை 30-21 என்று தோற்கடித்தும், அவர்கள் 15-2 என்று முடித்ததால் முதலிடம் போய்விட்டது. ஏரோஹெட்டில் ஆட வேண்டி வந்தது. அந்த சீசனில் பில்ஸ் சொந்த மண்ணில் பிளேஆஃபையும் சேர்த்துப் பத்துக்குப் பத்து ஜெயித்திருந்தார்கள்.

2025 ஜூலையில் கோச்சாக இருக்கும் ஷான் மெக்டெர்மட்டை மாற்ற வேண்டுமா? இங்கேதான் நான் உறுதியாகப் பேச முடியாத இடம். பதினேழு வருடப் பஞ்சத்தை முதல் சீசனிலேயே முடித்தவர், ஹாம்லின் விழுந்த இரவில் அணியைத் தாங்கியவர். அதே சமயம் டிஃபென்ஸ்தான் அவருடைய துறை, பெரிய இரவுகளில் உடைந்ததும் அதுதான். இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது, அதிலிருந்து அவருக்குத் தப்ப வழியில்லை. ஆனால் மாற்றினால் வருகிறவர் வருடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஜெயிப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இண்டியானாபோலிஸின் குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங்கையும் இப்படித்தான் பேசினார்கள். நியூ இங்கிலாந்திடம் இரண்டு வருடம் தொடர்ந்து பிளேஆஃபில் தோற்றார், மூன்றாவது வருடம் சொந்த மண்ணில் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார். 2006 சீசனில் அவர்களுடைய டிஃபென்ஸ், ஓடுகிறவர்களைத் தடுப்பதில் லீக்கிலேயே கடைசி. பிளேஆஃப் வந்ததும் காயத்திலிருந்து பாப் சாண்டர்ஸ் திரும்பினார், டிஃபென்ஸ் இறுகியது. நியூ இங்கிலாந்துக்கு எதிராக 21-3 என்று பின்தங்கி, 38-34 என்று ஜெயித்து, சூப்பர் பவுலையும் வென்றார்கள். கோச் டோனி டங்கி மாறவில்லை, மானிங் மாறவில்லை. மறுபக்கம் மயாமியின் குவார்ட்டர்பேக் டான் மரீனோ இருக்கிறார். இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பவுல் போனவர், அதன் பிறகு பதினைந்து சீசன் ஆடியும் திரும்பப் போகவில்லை. ஆலனின் கதை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல இந்த இரண்டு உதாரணமும் போதாது. ஆலனுக்கு 2025 ஜூலையில் 29 வயது, மார்ச்சில் ஆறு வருடத்துக்கு 330 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நேரம் இருக்கிறது, ஆனால் மனிதக் கால்கள்தானே, அவரைப் போல ஓடி மோதுகிறவருக்கு அது நிரந்தரமில்லை.

வரும் 2025 சீசனைப் பற்றி. நிர்வாகமே ஓட்டை எங்கே என்று ஒத்துக்கொண்ட மாதிரிதான் நடந்திருக்கிறது. ஏப்ரல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஐந்து தேர்வும் டிஃபென்ஸ் ஆட்கள், முதலாவது கென்டக்கியின் வேகமான கார்னர்பேக் மேக்ஸ்வெல் ஹேர்ஸ்டன். வான் மில்லரை விடுவித்து, ஜோயி போசாவை ஒரு வருடத்துக்கு எடுத்திருக்கிறார்கள். போசா ஆரோக்கியமாக இருந்தால் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதில் கெட்டிக்காரர், ஆனால் கடந்த சில வருடங்களில் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டவர். வைட் திரும்பி வந்திருக்கிறார், பழைய வேகம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. தாக்குதல் பக்கம் கவலை குறைவு. 2024-ல் எறிந்தும் முப்பது, ஓடியும் முப்பது டச்டவுன் அடித்த முதல் அணி இதுதான், சீசன் முழுக்க பந்தைப் பறிகொடுத்தது எட்டே முறை. அந்த எட்டு இந்த வருடம் நிச்சயம் கூடும், அவ்வளவு குறைவாக இரண்டு வருடம் தொடர்ந்து யாருக்கும் நடப்பதில்லை. அதனால் பிளேஆஃப் போவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சூப்பர் பவுல் என்றால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பேன். இது என் ஊகம்.

2025 நவம்பர் 2 அன்று சீஃப்ஸ் இங்கே வருகிறார்கள். அந்தப் பழைய மைதானத்துக்கு இதுதான் கடைசி சீசன், எதிரே புதியது எழுந்துகொண்டிருக்கிறது, முடிந்தால் டிக்கெட் வாங்கிப் போய்விடுங்கள். ஸ்கோரைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் எண்ணுங்கள். மஹோம்ஸ் மூன்றாவது வாய்ப்பில் எறியப் பின்வாங்கும்போது, கூடுதல் ஆள் அனுப்பாமல் முன்வரிசை நான்கு பேர் மட்டுமே பாய்ந்து, எத்தனை முறை அவரை நிலைகுலைய வைக்கிறார்கள் என்று. அன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும், அந்த எண்ணிக்கையை மறுநாள் சாப்பாட்டு மேஜைக்கு எடுத்துப் போங்கள். இங்கேயும் எழுதினால் நானும் என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.